மெத்தை ரோட்டுக்கு வந்தால்

இலுமினாதாவிடம் அடி வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: அவள் கை ஓங்குவது தெரியாது, விழுந்த பிறகுதான் தெரியும். ஐந்தடிகூட இல்லாத பொம்பளை. பிரா தைக்கிற கம்பெனியில் மெஷின் மிதித்து மிதித்து வளைந்துபோன முதுகு. அந்த உடம்புக்குள் அவ்வளவு ஆத்திரத்தை எங்கே மடித்து வைத்திருந்தாளோ! நாங்கள் பிழைக்க வந்த தெற்கு பிராங்க்ஸில் அந்த வருஷங்களில் சாதுவாக இருந்து யாரும் பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம். சாதுவாக இருந்தவர்கள் செத்தார்கள், இல்லையென்றால் நியூஜெர்ஸிக்குக் குடிபோனார்கள்.

லாரல் தெருவில் அப்போது முழுசாக நின்ற கட்டடங்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கருகிய சுவரும் ஓட்டை ஜன்னலும். வாடகை வராத கட்டடத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரன் என்ன செய்வான்? இன்சூரன்ஸ் போட்டுவிட்டு ஆளை விட்டுக் கொளுத்துவான். அவன் கொளுத்துகிறவரை காத்திருக்கப் பொறுமையில்லாத குடித்தனக்காரனே கொளுத்துவதும் உண்டு. தீயில் வீடிழந்தவனுக்குத்தான் நகராட்சி முதலில் வேறு வீடு கொடுக்கும். வரிசையில் நிற்கிறவன் தலை நரைத்தாலும் அவன் முறை வராது.

அதனால் எங்கள் தெருவில் எழுதாத சாத்திரம் ஒன்று இருந்தது. பட்டப்பகலில் ஒருவன் மெத்தையையும் மேஜையையும் நடைபாதைக்கு இறக்கினால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கட்டடம் எரியும். பல்லி சொன்னது பொய்த்தாலும் பொய்க்கும், மெத்தை சொன்னது பொய்க்காது. "மெத்தை இறங்கிடுச்சு" என்று எவனாவது கத்தினால் போதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள்.

இலுமினாதா, லூமி என்றுதான் கூப்பிடுவோம், இரண்டு முறை தீயில் வீடிழந்தவள். முதல் தடவை போனது துணிமணியும், எங்கள் தீவின் மயாகுவெஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறும்போது கொண்டு வந்த தையல் மெஷினும். "போனாப் போகுது சனியன்" என்று விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை அப்படி விட முடியவில்லை. அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது கீழ் வீட்டுக் குடித்தனக்காரன் சோபாவைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். நின்று கேட்டாள்.

"என்னண்ணே, எல்லாத்தையும் வெளிய போட்டுட்டே?"

"பெயின்ட் அடிக்கப் போறேன் தங்கச்சி. சுவரெல்லாம் ஒரே கரி."

சிரித்த முகமாகச் சொன்னான். அவளும் நம்பினாள். கையில் ஒரு பிரஷ் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, பாவி மகள். மாடிக்குப் போய் அரிசியை அடுப்பில் வைத்தாள். அரிசி வேகுமுன் படிக்கட்டெல்லாம் புகை. அவள் ஜன்னல் வழியாக இரும்பு ஏணியில் இறங்கிவிட்டாள். தம்பி எலியூத் மேல் மாடியில் இருந்த கால் வராத கிழவரைத் தூக்கப் போனான். கிழவரும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. அவனைப் போர்வையில் சுற்றிக் கீழே கொண்டு வந்தபோது, அந்தக் கீழ் வீட்டுக்காரன் தண்ணீர் படாமல் சோபாவுக்கு பாலிதீன் போட்டு மூடிக்கொண்டிருந்தான். லூமி அந்த சோபாவின் மேல்தான் வாந்தி எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, எரியாத ஒரு வீடு. யாரும் தரமாட்டார்கள் என்று தெரிந்ததால் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

லாரல் தெரு நாற்பத்தொன்றாம் நம்பர் ஐந்து மாடிக் கட்டடம். வீட்டுக்காரன் வரி கட்டாமல் ஓடிவிட்டான், நகராட்சி எட்டிப் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தில் மூர்க்கமான தெருநாய்கள். மாடியில் செப்புக் குழாய் அறுத்து விற்கிற தோன்யோவும் அவன் ஆட்களும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லூமி கையில் குழாய் திருகுகிற இரும்பு ரெஞ்சோடு உள்ளே போனாள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி லவீனியா, கரோலைனாவிலிருந்து வந்த கறுப்பினத்துக்காரி, ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. இன்னொருவன் கூகோ. போதை ஊசி போட்டுத் திரிந்து, ஜெயிலுக்குப் போய்த் திருந்தி வந்தவன். ஆள் அலமாரி மாதிரி இருப்பான்.

ஒரு நாய் லூமியின் முன்கையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதன் மண்டையில் ரெஞ்சால் ஒரே போடு. மற்ற நாய்கள் ஓடிவிட்டன. ரத்தம் ஒழுகுகிற கையோடு படியேறினாள்.

"யாருடி நீ? இது காலி வீடு, போ போ," என்றான் தோன்யோ, தோளில் குழாய்க் கட்டோடு.

"காலி வீடா? அப்ப நீ யாரு, பேயா?" என்றாள் லவீனியா பின்னாலிருந்து.

தோன்யோ சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தான். சிரிப்பு முடியுமுன் லூமியின் ரெஞ்சு அவன் தோள்பட்டை எலும்பில் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம். ஒருவன் கூகோவின் தொடையில் குத்தினான். கூகோ அவனை அப்படியே தூக்கிப் படிக்கட்டில் உருட்டினான். இன்னொருவன் லவீனியாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் காதைக் கடித்துத் துப்பினாள். "உப்பு போதலை" என்று வேறு சொன்னாளாம், கூகோ பிற்பாடு சத்தியம் பண்ணிச் சொல்வான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மறுநாளும் வந்தார்கள், மறுநாளும் அடி. குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போனது. தோன்யோ ஆட்கள் அலுத்துப்போய் அடுத்த தெருக் குழாய்களைத் தேடிப் போன பிறகுதான் மற்ற குடும்பங்கள் தைரியமாகச் சேர்ந்தன. வாளி வாளியாகக் கரியையும் கல்லையும் கை மாற்றி இறக்கினோம். கட்டடத்துக்குச் சூடு கொடுக்கிற பாய்லர் செத்திருந்தது, அதைப் பிரித்து வேறொரு எரிந்த கட்டடத்துப் பாய்லரின் உறுப்புகளை வைத்துப் பிழைக்க வைத்தோம். குப்பை லாரி எங்கள் தெருவுக்கு வராது. அதனால் குப்பையை வண்டியில் தள்ளிக்கொண்டு போய் நகராட்சி ஆபீஸ் வாசலில் கொட்டினோம். அடுத்த வாரம் லாரி வந்தது.

லூமி இரண்டு சட்டம் போட்டாள். முதல் சட்டம், யார் வீடு யாருக்கு என்று முன்கூட்டியே கிடையாது. எல்லா வீடும் முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கி எடுப்பது. தனக்கு எது வரும் என்று தெரியாததால் எவனும் எந்தச் சுவரையும் ஏனோதானோ என்று பூச மாட்டான். இரண்டாவது சட்டம், கட்டடத்துக்கு நாசம் கொண்டு வருகிறவன் எவனாயிருந்தாலும் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு எல்லோரும் கைதூக்கினோம்.

எவரிஸ்தோ வந்து சேர்ந்தது அப்போதுதான். ரொட்டி சுடுகிற பேக்கரியில் வேலை, ஒல்லியான ஆள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். பெண்டாட்டி நெரெய்தா, கைக்குழந்தை ஒன்று. அவன் சுவர் பூசுகிற நிதானத்தைப் பார்த்து லவீனியாவுக்குப் பொறுக்காது.

"ஏம்ப்பா ஆமை, நீ இந்தச் சுவரை முடிக்கறதுக்குள்ள அந்தக் குழந்தைக்கே கல்யாணம் ஆயிடும் போலிருக்கே!"

"யாருக்கு வரப்போற வீடோ, தெரியாதுல்ல," என்பான் எவரிஸ்தோ. "அதான் பார்த்துச் செய்யறேன்."

லூமிக்கு அவனைப் பிடிக்காமல் போனது இலையுதிர்காலத்தில். நிலவறையில் பெட்ரோல் டின்னோடு ஒருவன் பிடிபட்டான். கூகோ அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். யார் அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, "தெரியாதும்மா, காசு குடுத்தாங்க, வந்தேன்" என்று அழுதான். லூமி அவன் கையை இழுத்துப் பாய்லரின் இரும்புக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். அவன் போட்ட அலறலில் மாடியிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"போதும் லூமி," என்றான் எவரிஸ்தோ, முகம் வெளுத்து. "விட்டுடு. கையே போயிடும்."

"நாளைக்கு உன் குழந்தை கருகிக் கிடக்கும்ல, அப்ப வந்து சொல்லு போதும்னு."

அவன் மாடிக்குப் போய்விட்டான். "இந்த இளகின மனசுக்காரனுங்களத்தான் நம்பக் கூடாது," என்று லூமி கூகோவிடம் சொன்னாள். "வலிக்குதுன்னா முதல்ல இவன்தான் ஓடுவான்." கூகோவும் தலையாட்டினான். லூமி சொன்னால் அவன் எதற்கும் தலையாட்டுவான்.

குளிர் தொடங்குமுன் சீட்டுக் குலுக்கினோம். எவரிஸ்தோவுக்கு மூன்றாம் மாடி முன்பக்கம் வந்தது, லூமிக்கு அதற்கு நேர் கீழே. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் சூடு வந்த அன்று அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எலியூத் இருந்திருந்தால் என்று நினைத்து அழுதாளா, வீடு கிடைத்ததே என்று அழுதாளா, அவளுக்கே தெரிந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முந்தின சனிக்கிழமை. கம்பெனியில் அரைநாள். லூமி தெருமுனை திரும்பினாள். நாற்பத்தொன்றாம் நம்பர் வாசலில், பனியை ஒதுக்கிவிட்ட இடத்தில், ஒரு மெத்தை.

மெத்தைக்குப் பக்கத்தில் மேஜை. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. டிவி. பேப்பரில் முகத்தைச் சுற்றி வைத்த மாதா சிலை. எவரிஸ்தோ குழந்தையின் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான்.

கைப்பைக்குள் அவள் கை தானாகப் போனது. அந்த ரெஞ்சு இல்லாமல் அவள் வேலைக்குக்கூடப் போவதில்லை.

"எங்கடா கிளம்பிட்டே?"

எவரிஸ்தோ தொட்டிலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். அதிசயமாகச் சிரித்தான். "எங்கயும் இல்ல லூமி. தரை போடப் போறேன். கிறிஸ்துமஸ் வருதில்ல?"

அதே பதில். அதே சிரித்த முகம். கையில் ஒரு சாமானும் இல்லை. இந்தத் தடவை அவள் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள்.

முதல் அடி கண்ணில் விழுந்தது. அவன் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை, மெத்தையின் மேல் சாய்ந்தான். இரண்டாவது அடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினான், மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"கூகோ! மெத்தை இறங்கிடுச்சுடா! மெத்தை!"

இந்த வார்த்தைக்கு லாரல் தெரு எப்படி எழும் என்று சொன்னேனே. கூகோ படிகளைத் தாவி வந்தான். லவீனியா துடைப்பக் கட்டையோடு வந்தாள். எதிர்ச்சாரியிலிருந்து முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் எரிந்துபோன வீடு ஒன்று உண்டு, செத்துப்போன ஆள் ஒன்று உண்டு. எல்லோரும் தங்கள் கணக்கை எவரிஸ்தோவின் மேல் தீர்த்தார்கள். கூகோ விலாவில் மிதித்தான். "எங்கடா வெச்சிருக்கே பெட்ரோலை? சொல்றா!" லவீனியா கட்டையால் முழங்காலில் போட்டாள். "பச்சைப் புள்ளய வெச்சுக்கிட்டு வீட்டைக் கொளுத்துவியாடா? நாசமாப் போறவனே!" மாதா சிலை உருண்டு உடைந்தது. அவன் வாயில் ரத்தம் நுரைத்தது. தரை, தரை என்று ஏதோ சொன்னான், பல் உடைந்திருந்ததால் விளங்கவில்லை.

கூகோ அவனைப் புரட்டிச் சட்டைப்பையில் கைவிட்டான், தீப்பெட்டிக்காக. வந்தது ஒரு இன்ச் டேப், ஒரு சாக்பீஸ். அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

அப்போதுதான் நெரெய்தா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் தரைவிரிப்பு லினோலியம் வெட்டுகிற கொக்கிக் கத்தி. புருஷனைப் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து லூமியின் முடியைப் பற்றி, காதடியிலிருந்து தாடை வரைக்கும் கிழித்தாள்.

"தரைடி! தரை போடறோம்டி! பழசைக் கிழிச்சிட்டிருந்தேன் மேல! தரைடி பாவி!"

லூமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தாள், விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. அந்த நேரம் பார்த்துக் கடை வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "எவரிஸ்தோ விடால் வீடு எது? லினோலியச் சுருள் வந்திருக்கு, சிவப்பு வெள்ளைக் கட்டம்," என்றான்.

எங்கள் தீவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டைப் புதுசாக்குவது எல்லாரும் செய்வதுதான். சுவருக்குச் சாயம், தரைக்குப் புது லினோலியம். எவ்வளவு கஷ்டப்பட்ட குடும்பமும் அதைச் செய்யும். சாமானை வெளியே இறக்காமல் தரை போட முடியாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் லாரல் தெருவில் அந்த வழக்கம் செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. எரியப் போகிற வீட்டுக்கு எந்தப் பைத்தியக்காரன் புதுத் தரை போடுவான்? இத்தனை வருஷத்தில் இந்த வீடு எரியாது என்று நம்பிக் காசு போட்ட முதல் ஆள் எவரிஸ்தோ. அவனைத்தான் அடித்துப் போட்டார்கள்.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தது. படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எவரிஸ்தோ எழுதிக் கொடுத்தான், இடது கையால். போலீஸ்காரனும் அதற்குமேல் கேட்கவில்லை.

அவன் வீடு திரும்பிய மறுநாள் நிலவறையில், பாய்லர் பக்கத்தில், கூட்டம் கூடியது. எவரிஸ்தோவின் ஒரு கண் போயே போய்விட்டது, பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. வலது கை மாவுக்கட்டில். பேக்கரிக்காரன் வேறு ஆளைப் போட்டுவிட்டான். லூமி எதிரே உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் கறுப்பு நூல் தையல். மடியில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சட்டம் போட்டவள் அவள்தானே. போ என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்தப் படிக்கட்டில் தன் ரத்தம் இருக்கிறது, போக முடியாது என்று கத்த வேண்டும்போலவும் இருந்தது, கத்த அருகதை இல்லை என்றும் இருந்தது.

"அடிச்சவங்க எல்லாரும் சாவியை வைங்க," என்றாள் நெரெய்தா.

"தப்புதான் கண்ணு, பெரிய தப்பு," என்றாள் லவீனியா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை. "ஆனா நாங்க போயிட்டா தோன்யோ நாளைக்கே வந்து பைப்பை உருவிடுவான்."

"நீங்க இருந்தப்ப மட்டும் என்ன? என் புருஷன் கண்ணை உருவிட்டீங்களே."

கூகோ தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அத்தனை பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. லூமி எழுந்தாள். சாவியைப் பாய்லரின் மேல் வைத்தாள். "இவங்க நான் கூப்பிட்டதுக்கு வந்தாங்க. மெத்தையைப் பார்த்ததும் நாந்தான் கத்தினேன். அவன் தரைன்னு சொன்னான். காதுல விழுந்துச்சு. நம்பலை. நான் போறேன்."

"உக்காரு," என்றான் எவரிஸ்தோ.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"பாவம்னு சொல்லலை. மன்னிச்சுட்டேன்னும் நினைச்சுக்காதே. நீ போனா இந்தக் கட்டடம் நிக்காது. நான் எத்தனை சுவரு பூசியிருக்கேன் இதுல. எனக்கு இந்த வீடு வேணும், அதனால நீ இருந்தாகணும்." மூச்சு வாங்கினான், விலா எலும்பு இன்னும் சேரவில்லை. "தரை மட்டும் பாக்கி கிடக்கு. என்னால முடியாது. கையை ஒடிச்சவங்க போடட்டும்."

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் லூமியும் கூகோவும் லவீனியாவும் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். எவரிஸ்தோ ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நெரெய்தா அந்தக் கொக்கிக் கத்தியை லூமியின் காலடியில் போட்டாள். லூமி அதை எடுத்தாள், பிடியில் அவள் ரத்தமே காய்ந்திருந்தது. முழங்காலில் நின்று பசை தடவினாள், சுருளை விரித்தாள், வெட்டினாள், அழுத்தினாள். மத்தியானம் இரண்டு துண்டும் நடுவில் சேர்ந்தன.

"கட்டம் சேரலை," என்றான் எவரிஸ்தோ. "எடு."

எடுத்தாள். பசை பிடித்த லினோலியம் லேசில் வராது, நகம் பெயர்ந்தது. மறுபடி ஒட்டினாள்.

"சேரலை. எடு."

"ஒரு நூல்தான்டா விலகியிருக்கு!" லூமியின் பழைய குரல் வந்துவிட்டது. "எந்தக் கண்ணுக்குத் தெரியும் இது?"

"இருக்கற ஒரு கண்ணுக்குத் தெரியுது."

கூகோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். லூமி பல்லைக் கடித்துக்கொண்டு பெயர்த்தாள். அப்படிக் கடித்ததில் கன்னத்துத் தையல் ஒன்று பிரிந்து ரத்தம் வெள்ளைக் கட்டத்தில் சொட்டியது. நெரெய்தா ஈரத்துணியோடு வந்தாள். குனிந்து தரையைத் துடைத்தாள், லூமியின் முகத்தைத் தொடவில்லை. மூன்றாவது தடவை கட்டங்கள் சேர்ந்தன. எவரிஸ்தோ எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நொண்டிக்கொண்டே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தான். "போங்க," என்றான்.

அன்று சாயங்காலம் நெரெய்தா பன்றிக்கறி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த பஸ்தேல்களைத் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எங்கள் ஆட்களிடம் அதுதான் அக்கம்பக்கம் என்பதற்கு அடையாளம். தட்டு வந்தால் நீ எங்களில் ஒருத்தி. அடித்த மூன்று பேர் வாசலிலும் அவள் நிற்கவில்லை. அடுத்த வருஷம் கூகோவுக்கு வந்தது, அவன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதற்கடுத்த வருஷம் லவீனியாவுக்கு வந்தது. லூமி மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கதவுக்குப் பின்னால் நின்று, மாடியிலிருந்து இறங்குகிற காலடி தன் வாசலைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கட்டடம் எரியவில்லை. இன்னொரு முறை பெட்ரோலோடு ஆள் வந்தான், லூமி அவன் மண்டையை உடைத்தாள். ஆனால் அவன் பேசி முடிக்கிறவரை காத்திருந்து, டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உடைத்தாள். பக்கத்துக் கட்டடத்தையும் எடுத்தோம், அதற்கடுத்ததையும் எடுத்தோம். தோன்யோவை யாரோ வேறு தெருவில் குத்திப் போட்டுவிட்டார்கள். எவரிஸ்தோ இடது கையால் ரொட்டி பிசையப் பழகி, கீழ்த்தளத்தில் சின்னதாகப் பேக்கரி வைத்தான். லூமி தினமும் அங்கே ரொட்டி வாங்குவாள். அவன் கொடுப்பான், இவள் காசை வைப்பாள். ரொட்டியைத் தவிர வேறு பேச்சில்லை.

பிறகு ஒரு டிசம்பர். காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் நெரெய்தா. லூமியின் கண் முதலில் அவள் கைகளுக்குத்தான் போனது. தட்டு இல்லை.

"மெத்தையை இறக்கப் போறோம்," என்றாள் நெரெய்தா. "தரை தேஞ்சு போச்சு, மாத்தறோம். உங்கிட்ட முதல்ல சொல்லிடுன்னு அவரு சொன்னாரு."

லூமி கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நம்பறியா?"

"நம்பறேன்," என்றாள் லூமி.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மெத்தையின் ஒரு முனையை எவரிஸ்தோ பிடித்தான், மறு முனையை அவள் பிடித்தாள். சாமானெல்லாம் நடைபாதைக்கு வந்ததும் அவன் மாடிக்குப் போனான், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பனி பெய்தது. எதிர்ச்சாரிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பொம்பளை ஜன்னலைத் திறந்து, மெத்தையைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி யாரையோ பதற்றத்தோடு கூப்பிட்டாள். லூமி வாயருகே கைகளைக் குவித்துத் தெருவே கேட்கக் கத்தினாள்:

"தரை போடறாங்கம்மா! தரை! வேற ஒண்ணுமில்ல, ஜன்னலைச் சாத்து, குளிரு உள்ள வருது!"